கரண்ட் வைத்த இடத்தில் மீண்டும் ஒரு திட்டு

மூளைக் கட்டிக்கு அறுவை செய்து, கரண்ட் வைத்து முடித்தவருக்கு (கதிர்வீச்சு சிகிச்சையை நம் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறோம்) சில மாதம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தால், அதே இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிவதுண்டு. கட்டி திரும்பியிருக்கலாம்; கதிர்வீச்சில் செத்துப்போன திசுவாகவும் இருக்கலாம். எம்ஆர்ஐ படத்தில் இரண்டும் பல நேரம் ஒன்றுபோலவே இருக்கும். முன்னதற்கு மறு அறுவையோ புதிய மருந்தோ தேவைப்படும். பின்னதற்கு ஸ்டீராய்டு கொடுத்துக் காத்திருந்தாலே பல சமயம் போதும். இந்தக் கட்டத்தில் பெட் ஸ்கேன் எழுதித் தரப்படுகிறது. குடும்பமும் கடன் வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. எந்த மருந்தை ஏற்றி எடுக்கப் போகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டாக வேண்டும்.

வழக்கமாக ஏற்றுவது எஃப்டிஜி, அதாவது ஃப்ளோரின்-18 பொருத்திய சர்க்கரை. பல புற்றுநோய்களைக் காட்டுவதில் அது அருமையான மருந்து. ஆனால் மூளை சர்க்கரையில் ஓடும் உறுப்பு. நல்ல திசுவே படத்தில் பிரகாசமாகத் தெரிவதால் கட்டி அதற்குள் மறைந்துபோகும். மாறாக, அமினோ அமிலத்தை நல்ல மூளைத் திசு குறைவாகவே எடுத்துக்கொள்ளும்; கட்டிச் செல்களிலோ அதை உள்ளே இழுக்கும் வாயில்கள் அதிகம். அதனால்தான் மூளைக் கட்டி சிகிச்சையை மதிப்பிடும் ரானோ பணிக்குழுவும் ஐரோப்பிய நரம்புப் புற்றுநோயியல் சங்கமும் 2016-இல் தந்த பரிந்துரையில், கிளையோமா என்னும் மூளைக் கட்டிகளுக்கு எஃப்டிஜியைவிட மெத்தியோனின், எஃப்இடி, எஃப்டோபா ஆகிய அமினோ அமில மருந்துகள் மேலானவை என்றன. இவையும் பிழையே செய்யாதவை அல்ல; அழற்சி உள்ள இடத்திலும் சற்று ஒளிரும். ஆயினும் தவறான மருந்தில் எடுத்த படத்தைவிட இந்தப் படத்தை நம்பி முடிவெடுக்கலாம்.

சேலத்தில் இருப்பவருக்கு இந்த மருந்துகள் எட்டுமா என்ற கேள்வி நியாயமானது. மெத்தியோனினில் உள்ள கார்பன்-11 இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். பெங்களூரில் தயாரித்துக் காரில் ஏற்றினால், ஒரு மணி நேரத்தில் ஓசூர் பக்கம் வரும்போதே எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். எஃப்இடியில் உள்ள ஃப்ளோரின்-18-க்கு அந்தக் கணக்கு 110 நிமிடம். நான்கு மணி நேரம் பயணித்துச் சேலம் சேர்ந்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சும். ஆகவே எஃப்இடிக்குத் தூரம் பெரிய தடையல்ல, தேவை குறைவாக இருப்பதே தடை. ஒரே நோயாளிக்காகத் தயாரித்து அனுப்புவது எந்தக் கூடத்துக்கும் கட்டுப்படியாகாது. அதனால் நோயாளியே அந்த மருந்து உள்ள ஊருக்குப் போக வேண்டியிருக்கலாம். செலவுதான், ஆனால் உள்ளூரில் எடுத்த ஸ்கேன் விடை சொல்லாமல் போனால் அந்தப் பணமும் வீண், நாளும் வீண்.

மருந்தைத் தேர்வது டாக்டர் வேலை அல்லவா என்பார்கள். ஆமாம், தேர்வு அவருடையதுதான். காரணத்தைக் கேட்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் தகவல் பெறுவதையும், இரண்டாவது கருத்து கேட்பதையும், கட்டணத்தை முன்கூட்டி அறிவதையும் உரிமைகளாகவே சொல்கிறது. இந்த மருந்துகளில் கதிரியக்கம் உண்டு என்றதும் வரும் பயம் அளவுக்கு மிஞ்சியது. ஒரு எஃப்இடி ஊசியில் சேர்வது ஏறத்தாழ 3 மில்லிசீவர்ட்; இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 கிடைக்கிறது. கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆறு மணி நேரத்தில் கதிரியக்கத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்றாலும், அன்று கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்றும் ஸ்கேன் மையத்தில் தயங்காமல் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் மருந்தின் பெயரும் ஏற்றிய அளவும் இருக்கிறதா பாருங்கள். படங்களை சிடியில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். கட்டணம் வாங்கிய இடத்தில் குறை நேர்ந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. அங்கே குறை என்றால் டீனிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.