ஆய்வின் வழித்துணை

நுழையும்முன்

பள்ளி மாணவரின் கற்றலைத் தேர்வுகள் அளக்கின்றன. இதுவரை எவரும் விடை காணாத வினா ஒன்றை ஆராயும் மாணவரின் வளர்ச்சியை எதனைக் கொண்டு அளப்பது? பட்ட மேற்படிப்பு மாணவர்களின் கல்வி முன்னேற்றத்தைப் பல்கலைக்கழகங்கள் கண்காணிக்கும் முறைகளையும், அக்கண்காணிப்பு மாணவருக்குத் துணையாக அமைய வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திருச்சிராப்பள்ளி மாநகரின் தென்பகுதியில் அமைந்துள்ளது எடமலைப்பட்டி புதூர். காலை வேளையில் இங்கிருந்து புறப்படும் பேருந்துகளில் பள்ளி மாணவர்களோடு கல்லூரி மாணவர்களும் பயணம் செய்கின்றனர். நூற்றாண்டு கடந்த கல்லூரிகள் மாநகருக்குள்ளேயே உள்ளன. புதுக்கோட்டைச் சாலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும், தஞ்சாவூர்ச் சாலையில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் அமைந்துள்ளன. புதூரில் வாழும் மாணவி ஒருவர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவர், இளங்கலை முடித்து முதுகலைக்கும் அதன்பின் முனைவர் பட்ட ஆய்வுக்கும் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு படியிலும் அவருடைய முன்னேற்றம் அளக்கப்படும். ஆனால், அளக்கும் முறை படிக்குப் படி மாறும்.

முதுகலையில் மதிப்பீடு

பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதனுடன் இணைவு பெற்ற கல்லூரிகளில் முதுகலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள் கொண்டது. பொதுவாக ஒவ்வொரு தாளிலும் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண்களும் பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண்களும் ஒதுக்கப்படுகின்றன. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பகிர்வு வேறுபடுவதும் உண்டு.

பருவத் தேர்வு, கற்றல் முடிந்தபின் நடைபெறுவது. அதில் தெரியவரும் குறையை அந்தப் பருவத்திற்குள் சரிசெய்ய இயலாது. அகமதிப்பீடோ கற்றல் நடைபெறும்போதே மேற்கொள்ளப்படுவது. இடைத்தேர்வு, ஒப்படைவு, கருத்தரங்க உரை ஆகியவை அதன் கூறுகள். ஒப்படைவைத் தொடர்ந்து காலந்தாழ்த்தி அளிக்கும் மாணவரையும், வகுப்பில் நன்கு விடையளித்தும் எழுத்தில் தடுமாறும் மாணவரையும் ஆசிரியர் இதன்வழியே முன்னரே அறிந்துகொள்கிறார். வருகைப்பதிவும் இத்தகைய அறிகுறியே. மாணவர் ஒருவரின் வருகை திடீரெனக் குறைந்தால் அதன்பின் நோயோ, பணநெருக்கடியோ, குடும்பச்சூழலோ இருக்கக்கூடும். 75 விழுக்காட்டுக்குக் குறைந்தவர் பட்டியலைத் தயாரிப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. வருகை குறைந்ததன் காரணத்தைக் கேட்டறியும்போதுதான் கண்காணிப்பு முழுமை பெறுகிறது.

விடைக்குறிப்பு இல்லாத தேர்வு

முதுகலை வரை வினாவுக்குரிய விடை முன்னரே அறியப்பட்டதாகும். திருத்துபவரிடம் விடைக்குறிப்பு இருக்கும். ஆய்வில் அந்த வசதி இல்லை. ஆய்வாளர் எழுப்பும் வினாவுக்கு விடை உண்டா என்பதே தொடக்கத்தில் தெரியாது. ஓராண்டு உழைத்தபின், தேர்ந்தெடுத்த வழி தவறானது எனத் தெரியவரலாம். அந்த ஓராண்டை வீண் என்று கூற இயலாது; செல்லக்கூடாத வழியை அறிவதும் அறிவே. எனவே, ஆய்வாளரின் முன்னேற்றத்தை மதிப்பெண்ணால் மட்டும் அளந்துவிட முடியாது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு.

கணிதமேதை சீனிவாச இராமானுஜன் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்தில் ஆழ்ந்த அவர் பிற பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை, உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் வெற்றிபெற இயலவில்லை. 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியேற்றார். தேர்வு என்னும் அளவுகோலின்படி அவர் தோல்வியுற்ற மாணவர். ஆனால், அதே ஆண்டுகளில் அவருடைய குறிப்பேடுகள் புதிய தேற்றங்களால் நிறைந்துகொண்டிருந்தன.

1913ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அவர் வகுப்புத் தேர்வு எழுத வேண்டியதில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தம் ஆய்வின் முன்னேற்றம் குறித்துக் கணிதப் பாடக்குழுவுக்கு அறிக்கை அளிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 1913 ஆகஸ்டு, நவம்பர், 1914 மார்ச்சு ஆகிய மாதங்களில் அவர் மூன்று அறிக்கைகளை அளித்தார். வரையறுத்த தொகைகளைக் கணிக்கும் புதிய முறையை அவற்றில் விளக்கினார். இன்று ‘இராமானுஜனின் முதன்மைத் தேற்றம்’ என வழங்கும் தேற்றம் அவ்வறிக்கைகளில் இடம்பெற்றதாகும். மூன்றாம் அறிக்கையை அளித்த சில நாள்களில், 1914 மார்ச்சு 17 அன்று, அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கு அவருடன் ஆய்வு செய்த பேராசிரியர் ஹார்டி, 1916ஆம் ஆண்டு இராமானுஜனின் பணி குறித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அறிக்கை அனுப்பினார்.

ஒரே மாணவரை இரு முறைகள் அளந்தன. முதல் முறை, அவர் எதை அறியவில்லை என்பதைக் கண்டது. இரண்டாம் முறை, ‘இந்த மூன்று மாதங்களில் நீ என்ன கண்டாய்?’ என வினவியது. அவருடைய திறனை வெளிப்படுத்த இடம் தந்தது இரண்டாம் வினாவே.

தெரிந்து தெளிவோம்

இராமானுஜனின் மூன்று காலாண்டு அறிக்கைகளும் அவர் காலத்தில் அச்சேறவில்லை. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட், இராமானுஜனின் குறிப்பேடுகள் குறித்து எழுதிய நூலின் முதல் பகுதியில் (1985) அவற்றை விளக்கங்களுடன் ஆராய்ந்துள்ளார். முன்னேற்றத்தைத் தெரிவிக்க எழுதப்பட்ட அறிக்கைகள் கணித ஆவணங்களாயின.

இன்றைய நடைமுறை

நூறாண்டுக்கு முன் கேட்கப்பட்ட அவ்வினா இன்று விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. பல்கலைக்கழக மானியக்குழு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள், முனைவர் பட்டத்திற்கான குறைந்த அளவு காலத்தை மூன்று ஆண்டுகள் என்றும், பொதுவான உச்ச அளவை ஆறு ஆண்டுகள் என்றும் வரையறுத்துள்ளன. ஆய்வில் சேரும் மாணவர் முதலில் ஆய்வுமுறையியல், ஆய்வு அறம் ஆகியவை அடங்கிய பாடங்களைப் பயின்று, குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணோ அதற்கு இணையான தரநிலையோ பெறவேண்டும்.

அதன்பின் நெறியாளரின் வழிகாட்டலில் ஆய்வு தொடங்குகிறது. நெறியாளரை ஒருங்கிணைப்பாளராகக் கொண்ட ஆய்வு ஆலோசனைக் குழு ஒன்று ஒவ்வோர் ஆய்வாளருக்கும் அமைக்கப்படுகிறது. ஆய்வாளர் பருவந்தோறும் குழுவின்முன் தோன்றித் தம் பணியை எடுத்துரைத்து, சுருக்கமான அறிக்கையையும் அளிக்கவேண்டும். தலைப்பு பரந்துவிட்டதா, தரவுகள் போதுமா, முறை பொருந்துகிறதா என்பனவற்றைக் குழு ஆராய்கிறது. ஆய்வாளரும் நெறியாளரும் நாள்தோறும் ஒரே பொருளில் மூழ்கியிருப்பதால் அவர்கள் கண்ணுக்குப் படாத குறை, புறத்தேயிருந்து பார்ப்பவருக்கு எளிதில் புலப்படும்.

ஆய்வேட்டை அளிக்கும் முன்னர் ஆய்வாளர், பிற ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கூடிய அவையில் தம் முடிவுகளை உரைத்து, அவர்களின் கருத்துகளைப் பெறுகிறார். பின்னர்ப் பல்கலைக்கழகத்தைச் சாராத தேர்வாளர் குறைந்தது இருவர் ஆய்வேட்டை மதிப்பிடுகின்றனர். இறுதியில் வாய்மொழித் தேர்வு நடைபெறுகிறது.

நேர்மையும் இக்கண்காணிப்பின் பகுதியே. பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டும் கருத்துத் திருட்டைத் தடுக்க 2018ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. ஆய்வேட்டில் காணும் ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால், அதன் அளவுக்கேற்ப நடவடிக்கை கடுமையாகிறது. 60 விழுக்காட்டைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். பட்டம் பெற்ற ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ என்னும் மின்னணுக் களஞ்சியத்தில் இடம்பெறுகின்றன. அவற்றை எவரும் படிக்கலாம் என்பதால் ஆய்வாளரின் பணி குழுவோடு முடிந்துவிடாமல் உலகின் பார்வைக்கும் உரியதாகிறது.

தடை நேரும்போது

புதூரைச் சேர்ந்த மாணவிக்கு மீண்டும் வருவோம். ஆய்வின் மூன்றாம் ஆண்டில் அவருடைய பணி தேங்குகிறது. இரண்டு பருவங்களாக அறிக்கையில் புதிய செய்தி ஏதும் இல்லை. இந்நிலையில் குழு என்ன செய்ய வேண்டும்? முன்னேற்றம் நிறைவளிக்காவிடில் குழு அதற்கான காரணங்களைப் பதிவுசெய்து, திருத்த வழிகளைப் பரிந்துரைக்க வேண்டும் என்கிறது நெறிமுறை. அவ்வழிகளையும் ஆய்வாளர் பின்பற்றத் தவறினால் மட்டுமே பதிவை நீக்கும் பரிந்துரைக்கு இடமுண்டு. அப்போதும் காரணத்தைக் குறிப்பிட வேண்டும்.

இந்த வரிசைமுறை முதன்மையானது. காரணம் அறியாமல் தண்டித்தால், பணநெருக்கடியில் இருப்பவரும் பணியில் கருத்தில்லாதவரும் ஒன்றாகவே கருதப்படுவர். தரவு கிடைக்காமையே காரணம் எனில் தலைப்பைச் சுருக்கலாம். எழுதுவதில் தயக்கம் எனில் இயல் இயலாக எழுதச் செய்யலாம். குழந்தைப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் பெண் ஆய்வாளர்கள் மொத்தம் 240 நாள்கள் வரை விடுப்புப் பெறலாம். அவர்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் காலநீட்டிப்பு உண்டு. திருமணத்தால் வேற்றூர் செல்லும் பெண், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தம் ஆய்வுத் தரவுகளை வேறு பல்கலைக்கழகத்திற்கு மாற்றிக்கொள்ளவும் வழி உள்ளது. இவற்றை அறியாமல் ஆய்வைக் கைவிடுவோர் தம் உரிமையையே இழக்கின்றனர்.

இருபாற் கடமை

கண்காணிப்பு மாணவரை மட்டும் நோக்குவதன்று. ஒரு நெறியாளர் அளவுக்கு மீறிய மாணவர்களை ஏற்றால் எவருக்கும் உரிய நேரம் கிட்டாது. ஆகவே, ஒரே காலத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப்பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப்பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருத்தல் கூடாது என வரையறுக்கப்பட்டுள்ளது. ஆய்வேடு அளிக்கப்பட்ட ஆறு மாதங்களுக்குள் மதிப்பீட்டுப் பணிகளைப் பல்கலைக்கழகம் முடிக்கவேண்டும். உழைத்து முடித்தவரைக் காத்திருக்க வைப்பதும் அவருடைய முன்னேற்றத்தைத் தடுப்பதே ஆகும்.

மாணவருக்கும் கடமை உண்டு. குழுவின்முன் வெற்றிகளை மட்டும் அடுக்கி, தோல்விகளை மறைக்கும் ஆய்வாளருக்கு எவரும் உதவ இயலாது. ‘இச்சோதனை பயன் தரவில்லை, காரணம் புரியவில்லை’ என்று கூறும் துணிவே அவருக்கு அடுத்த வழியைத் திறக்கும். பருவ அறிக்கை, ஆய்வாளர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் கணக்கும் ஆகும். என்ன செய்தேன், எதை அறிந்தேன், எங்கே தடைப்பட்டேன், இனி என்ன செய்வேன் என்னும் நான்கு வினாக்களுக்கும் அதில் விடை இருக்கவேண்டும்.

இப்பழக்கத்தை மேனிலைப் பள்ளியிலேயே தொடங்கலாம். வாரத்தின் முடிவில் தம் குறிப்பேட்டில் அந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதும் மாணவர், விளங்காத பகுதியைத் தேர்வுக்கு முன்னரே அறிந்து ஆசிரியரை அணுகுவார். எடமலைப்பட்டி புதூரிலிருந்து புறப்படும் மாணவி என்றேனும் ஆய்வுக்குழுவின்முன் நிற்கும்போது, அவ்வினாக்கள் அவருக்குப் புதியனவாக இரா.

கற்பவை கற்றபின்

1. ‘தேர்வு மதிப்பெண் மட்டுமே திறமைக்கு அளவுகோலாகுமா?’ என்னும் தலைப்பில், இராமானுஜனின் வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

2. நீங்கள் விரும்பும் பாடம் ஒன்றில் ஒரு மாதக் கற்றலை, கட்டுரையில் கூறப்பட்ட நான்கு வினாக்களின் அடிப்படையில் முன்னேற்ற அறிக்கையாக எழுதுக.