சால்டரிங் டேபிளும் செகண்ட் இயர் ஃபார்முலாவும்

டைனிங் டேபிள்ல சால்டரிங் பண்ணி அம்மாகிட்ட திட்டு வாங்கியிருக்கீங்களா? நான் வாங்கியிருக்கேன். அந்தக் கருப்புத் தழும்பு இன்னும் அப்படியே இருக்கு. அதனால்தான் போன செமஸ்டர் லீவுல சொந்தமா ஒரு மர மேசை செய்தேன். உண்மையைச் சொல்லணும்னா, ரெண்டு தடவை செய்தேன். முதல் தடவை பண்ண தப்பை நீங்களும் பண்ணிடக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதலில் உயரம். நாற்காலியில் தோளைத் தளர்த்தி உட்கார்ந்து, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். லேப்டாப்புக்கு அந்த உயரமே போதும். சால்டரிங் மாதிரி உற்றுப் பார்த்துச் செய்யும் வேலைக்கு 5 முதல் 10 செ.மீ. கூட்டிக்கொண்டால் கழுத்து தப்பிக்கும்.

அடுத்து பலகை. பிளைவுட் ஷீட் பொதுவாக 8க்கு 4 அடி. 4க்கு 2 அடி மேசைக்கு அதில் கால்வாசி போதும். காசு மிச்சம் பண்ணலாம்னு 12 மி.மீ. வாங்கி, நாலு கால் வைத்து, எல் ஆங்கிளில் முடுக்கிவிட்டேன். மானிட்டர், பவர் சப்ளை எல்லாம் ஏற்றி ஒரு மாசம்கூட ஆகல, நடுவில் தொய்ந்துபோச்சு. பென்சிலை எங்கே வைத்தாலும் நடுவுக்கு உருண்டு வந்தது!

எங்க தெரு ஆசாரி அண்ணன் குனிந்து அடியில் பார்த்தார். "சட்டம் கொடுக்காம பலகையை மட்டும் போட்டா தொங்கத்தானே தம்பி செய்யும்?" என்றார்.

அன்று ராத்திரிதான் பழைய ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் நோட்டைத் திறந்தேன். மொமெண்ட் ஆஃப் இனெர்ஷியா ஞாபகம் இருக்கா? அகலத்தை உயரத்தின் கனத்தால் பெருக்கி 12ஆல் வகுக்கணும். அகலம் ரெண்டு மடங்கானால் விறைப்பும் ரெண்டு மடங்குதான். உயரம் ரெண்டு மடங்கானால் எட்டு மடங்கு!

இப்போ என் மேசையைப் போட்டுப் பாருங்க. 600 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன்: 86,400. அதே பிளைவுட்டில் 75 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, செங்குத்தாக நிறுத்தினால்: 4,21,875. மீந்துபோன ஒரு ரீப்பர் துண்டு, முழுப் பலகையைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு விறைப்பு! புது ஷீட் வாங்கத் தேவையே இல்லை.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ரெண்டு சட்டம் வைத்தேன். சட்டம் காலிலிருந்து கால் வரை முழுசாகப் போகணும், பலகையோடு பசையும் ஸ்க்ரூவும் சேர்த்துப் பிடிக்கணும். ஸ்க்ரூ போடும் முன் அதைவிடச் சின்ன டிரில் பிட்டில் ஓட்டை போடுங்க. இல்லைன்னா பிளைவுட் ஓரம் பிளந்துடும். முன்சட்டம் தொடையில் இடிக்குதான்னும் உட்கார்ந்து பாருங்க.

மேசை பக்கவாட்டில் ஆடினால் காலைத் தடிமனாக்குவதால் பெரிய பயன் இல்லை. செவ்வகம் சாயும், முக்கோணம் சாயாது. பின்பக்கம் குறுக்காக ஒரு கட்டை அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். மேலே வார்னிஷ் அடித்து, சால்டரிங் செய்யும் இடத்தில் சிலிக்கான் மேட் போட்டுடுங்க.

13 மார்க்குக்காக மனப்பாடம் பண்ண ஃபார்முலா அது. பரீட்சை முடிந்ததும் மறந்துட்டேன். ஆசாரி அண்ணன் அந்த ஃபார்முலாவைப் பார்த்ததே இல்லை, ஆனா ஒரு நாளும் மறந்ததில்லை.