பாட்டுக் கேட்போர் நினைவும் பரிபாடற் குறிப்பும்

இசையில் ஈடுபாடுடையார் இருவர் கூடுமிடத்து, ஒருவர் தமக்கு உவப்பான பாட்டைச் சொல்ல, மற்றவர் தம் பாட்டை எடுத்துரைப்பதும், அதனை எங்கே, எப்பொழுது கேட்டோம் என விரிப்பதும் யாவரும் அறிந்த வழக்கு. இவ்வுரையாடலைப் பொழுதுபோக்கெனத் தள்ளாது நோக்கின், ஒரு பாட்டின் ஆக்கத்தில் பங்குகொண்டார் பலருள் எவர் பெயர் நிற்கிறது, எவர் பெயர் மறைகிறது என்பது புலனாகும். தமிழ்த் திரைப்பாட்டைச் சான்றாகக் கொண்டு, பழந்தொகைநூல்களின் குறிப்புகளோடு இதனை ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பாட்டைச் சுட்டும் முறை

சுவைஞர் ஒரு பாட்டைச் சுட்டும் முறைகளுள் நான்கு குறிக்கத்தக்கன. பாட்டின் முதற்குறிப்பால் சுட்டல், பாடியவர் பெயரால் சுட்டல், படத்தின் பெயராலோ நடித்தவர் பெயராலோ சுட்டல், கேட்ட இடத்தாலும் காலத்தாலும் சுட்டல் என்பன அவை. இயற்றியவர் பெயரால் சுட்டுவாரும் உளர். எனினும் அவர் தொகை சிறிது.

1961 இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' சிவாஜி கணேசன் நடித்த படம். 1963 இல் வெளிவந்த 'பெரிய இடத்துப் பெண்' எம்.ஜி.ஆர். நடித்த படம். இரண்டிலும் பாடல் இயற்றியவர் கண்ணதாசன், இசையமைத்தோர் விசுவநாதன்–ராமமூர்த்தி, நாயகர்க்குக் குரல் கொடுத்தவர் டி.எம். சௌந்தரராஜன். சொல்லும் இசையும் குரலும் ஒரே மூலத்தினின்று பிறந்திருந்தும், முன்னையதிலுள்ளவை 'சிவாஜி பாட்டு' என்றும் பின்னையதிலுள்ளவை 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்றும் மக்கள் வாயில் வழங்கின. ஆக்கியோர் மூவகையினரும் பின்னிற்க, வாயசைத்தவர் முன்னின்றார்.

இவ்வழக்கிற்குக் காரணம் உண்டு. 1944 இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தில் நடித்தவரும் பாடியவரும் எம்.கே. தியாகராஜ பாகவதரே. முகமும் குரலும் ஒருவருடையனவாக இருந்தமையால் 'பாகவதர் பாட்டு' என்றது முற்றிலும் பொருந்தாதது அன்று. அப்பொழுதும் இயற்றிய பாபநாசம் சிவன் பெயரே பின்தங்கிற்று. பின்னணி பாடும் முறை நிலைத்தபின் குரல் வேறு, முகம் வேறு ஆயின. ஆயினும் பாட்டைத் திரையில் தோன்றுவார்க்கே உரிமையாக்கும் பழைய வழக்கு மாறவில்லை.

2. பரிபாடற் குறிப்பு

இனித் தொகைநூல்களை நோக்குவோம். முழுமையாகக் கிடைத்துள்ள பரிபாடல்கள் 22. அவற்றுள் பெரும்பாலானவற்றின் இறுதியில், இயற்றிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் காணப்படுகின்றன. எட்டாம் பாடலை நல்லந்துவனார் இயற்ற, மருத்துவன் நல்லச்சுதனார் பாலையாழில் இசை வகுத்தார். பதினான்காம் பாடலுக்குச் சொல்லும் இசையும் கேசவனாருடையன, பண் நோதிறம். பாடல்கள் பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்முறையால் அடைவுபட்டிருத்தலும் நோக்கத்தக்கது.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. அப்பாடல்களை அவையில் பாடியோர் எவரென அக்குறிப்புகள் தனியே கூறவில்லை. இக்காலச் சுவைஞரோ பாடியோரை நினைவில் வைத்து இயற்றியோரை மறக்கின்றனர். ஏட்டில் எழுதியோர் பாட்டை ஆக்கமாகக் கண்டனர். செவியால் பெறுவோர் அதனைக் குரலாகக் காண்கின்றனர். குரலைத் தட்டில் பதித்து வைக்கும் வாய்ப்பு அன்று இல்லை. பாடியவர் குரல் பாடி முடித்த அளவில் காற்றோடு கலந்தது. சொல்லும் பண்ணுமே எஞ்சின. இசைத்தட்டோ குரலையே எஞ்சச் செய்தது. எஞ்சுவது எதுவோ அதனோடு பெயரும் எஞ்சும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும்.

இயற்றியோர் பெயர் மறைந்தவிடத்தும் தொகுத்தோர் வாளா இருந்திலர். குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், மீனெறிதூண்டிலார், ஓரேருழவனார் முதலியோர் தம் பாட்டில் அமைந்த அருந்தொடராலேயே பெயர் பெற்றனர். நெஞ்சில் நின்ற தொடர் கொண்டு பாட்டைச் சுட்டும் இன்றைய சுவைஞர் செயலும் இதனை ஒத்ததே. ஆனால் தொகுத்தோர் அத்தொடரைப் புலவர்க்கே பெயராக்கி, ஆக்கியோன் ஒருவன் உளன் என்பதை நிலைநாட்டினர். இன்றைய வழக்கில் தொடர் நிற்கிறது. அதன் பின்னே ஆள் இல்லை.

3. கேட்ட நினைவின் அமைப்பு

சுவைஞர் தம் நினைவைக் கூறும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஊரும் பொழுதும் வரும். அடுத்துத் தேநீர்க்கடை, திருமணப் பந்தலின் ஒலிபெருக்கி, அண்டை வீட்டு வானொலிப் பெட்டி போன்ற சூழ்பொருள்கள் வரும். இறுதியில் பிரிவோ உவகையோ ஆகிய உணர்வு வரும். அகப்பாட்டின் முதல், கரு, உரி என்னும் பாகுபாடு இங்கே நினைவிற்கு வருதல் இயல்பு. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது நம் கருத்தன்று. இடத்தோடும் பொழுதோடும் பிணைத்தே உணர்வை உரைக்கும் இயல்பு இரண்டிற்கும் பொது என்பதே கருத்து.

இந்நினைவுகள் வரலாற்றிற்கும் துணைசெய்வன. அக்காலத்தார் பலர் நினைவு இலங்கை வானொலியில் தொடங்குதல் தற்செயலன்று. 1952 இல் இந்திய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டிற்குரிய இடம் மிகச் சுருங்கிற்று. நேயர் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3 இல் விவித பாரதி தொடங்கிய பின்னரே உள்நாட்டு வானொலியில் திரைப்பாட்டிற்கு நிலையான இடம் வாய்த்தது. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாட்டோடு விரும்பிக் கேட்டோர் பெயரும் ஊரும் அறிவிக்கப்பட்டன. பாடற்குறிப்பில் கேட்போரும் இடம்பெற்ற புதுமை இது.

4. முடிபு

ஆகவே, சுவைஞர் நினைவு இருவகைச் சான்றாக ஆராயத்தக்கது. ஒரு பாட்டு மக்கள் வாழ்வில் எங்கே, எவ்வாறு வழங்கிற்று என்பதற்கு அது வலிய சான்று. அப்பாட்டை ஆக்கியோர் யாவர் என்பதற்கு மெலிய சான்று. முதியோரிடம் பாட்டு நினைவுகளைத் திரட்டும் மாணவர், கூற்றை அவர் சொன்னவாறே எழுதிக்கொண்டு, இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைப் படத்தின் பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு ஆகியவற்றோடு ஒப்பிட்டுத் தனியே குறித்தல் வேண்டும். நினைவைத் திருத்துதல் கூடாது. குறிப்பைச் சேர்த்தல் வேண்டும். ஏடெழுதினோர் அம்மூன்று செய்திகளையும் குறித்திராவிடின் நல்லச்சுதனார் என ஓர் இசைவல்லார் இருந்ததை நாம் அறிந்திருக்க மாட்டோம். நம் காலத்துப் பாட்டிற்கு அக்கடமை நம்முடையதாகும்.