மடக்கையின் தொகையீடு

வகையீட்டைக் கற்று முடித்த மாணவனுக்குத் தொகையீடு அதன் மறுபயணமே என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். அடுக்குகளிலும், சைன், கோசைன் சார்புகளிலும் அந்தப் பயணம் இடரின்றி நிகழ்கிறது. மடக்கை வந்ததும் அவன் திகைக்கிறான். இயற்கை மடக்கையை வகையிட்டால் ஒன்றின் கீழ் எக்ஸ் வரும். எதனை வகையிட்டால் மடக்கை வரும்?

மடக்கை தனியே நிற்பதாகக் கொள்ளாமல், ஒன்றால் பெருக்கப்பட்டு நிற்பதாகக் கொள்ள வேண்டும். அந்த ஒன்றைத் தொகையிட்டால் எக்ஸ். பகுதிகளாகத் தொகையிடும் விதிப்படி, எக்ஸை அதன் மடக்கையால் பெருக்கி, அதிலிருந்து எக்ஸைக் கழித்தால் விடை கிடைத்துவிடும். சரிபார்ப்பதும் எளிதே. அந்தப் பெருக்கத்தை வகையிட்டால் மடக்கையும் அதனோடு ஓர் ஒன்றும் வரும்; கழித்த எக்ஸ் அந்த ஒன்றை நீக்கிவிடும். இறுதியில் மாறிலியைச் சேர்க்க மறக்கும் மாணவர் பலர், பரீட்சகர் மறப்பதில்லை.

இனி மடக்கையைத் தலைகீழாக்கி, ஒன்றை மடக்கையால் வகுத்து வருவதைத் தொகையிட முயன்றால் எந்த உபாயமும் பலிக்காது. பாடசாலையில் அறிந்த சார்புகளை எவ்வாறு கூட்டிப் பெருக்கிக் கோத்தாலும் அந்த விடை அமையாது என்பது, பிரெஞ்சு அறிஞர் லியூவில் 1830களில் வகுத்த முறையால் நிறுவப்படுகிறது. விடையே இல்லை என்பது இதன் பொருளன்று. வளைகோட்டின் கீழுள்ள பரப்பு உண்டு. பழைய சார்புகளால் அதனை எழுத இயலாது, அவ்வளவே. ஆகவே மடக்கைத் தொகையீடு என்று அதற்குப் புதுப் பெயரே இட்டனர்.

இந்த அடங்காத சார்புதான் முதன்மை எண்களின் தொகையைக் கூறவல்லது என்பதை ஜெர்மனியின் கவுஸ் இளமையிலேயே உய்த்துணர்ந்தார். பத்து இலட்சத்துக்குள் 78,498 முதன்மை எண்கள் உள்ளன. மடக்கைத் தொகையீடு தருவது ஏறக்குறைய 78,628.

கும்பகோணத்தில் கார் என்பவரின் சூத்திரத் தொகுப்பு நூலைத் துணையாகக் கொண்டு கணிதம் பயின்றவர் இராமானுஜன். வழிகாட்ட ஆளின்றி நூலோடு தனித்திருக்கும் நிலை வில்கமுவ போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கும் புதிதன்று. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவர், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், முதன்மை எண்களின் தொகையைப் பிழை புறக்கணிக்கத்தக்க அளவுக்குத் தரும் கோவையொன்றைக் கண்டதாகக் கூறினார். அவர் கண்ட தொடர், பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 78,527 என்கிறது. பிழை இருபத்தொன்பதே!

ஹார்டி நிறுவல் கேட்டார். அங்கேதான் இடறியது. அதே சார்பை ரீமன் 1859இலேயே எழுதியிருந்தார். ஆயினும் அதனோடு சிக்கலெண்களால் அமைந்த திருத்தங்களையும் சேர்த்திருந்தார். சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டை அறியாத இராமானுஜன் அத்திருத்தங்களைக் காணவில்லை. சிறிய எண்களில் அவை ஒளிந்திருக்கும். எண்கள் பெருகப் பெருகப் பிழையும் எல்லையின்றி வளரும். ஹார்டி பின்னாளில் இதனைத் தோல்வி என்றே எழுதினார். ஆயினும் அவருடைய வெற்றிகளைவிட இத்தோல்வியே வியப்புக்குரியதோ என்றும் ஐயுற்றார்.

மடக்கைத் தொகையீடு முதன்மை எண்களின் உண்மைத் தொகையைவிட எப்பொழுதும் மிகுந்தே நிற்கும் என்று அட்டவணைகளைப் பார்த்தவர்கள் நம்பினர். இரண்டும் எண்ணற்ற முறை இடம் மாறும் என்று 1914இல் லிட்டில்வுட் நிறுவினார். முதன்முறை எந்த எண்ணில் மாறுகின்றன என்பதை இன்றுவரை எவரும் கண்டு காட்டவில்லை.