விண்கல் காட்டும் பூமியின் அகம்

நம் பூமியின் மையம் சுமார் 6,370 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. மனிதன் துளையிட்டுச் சென்றதோ ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய ஆழந்தான். எட்டாத அந்த ஆழத்தைப் பற்றி விண்கற்களிடம் கேட்டறிகிறோம்.

பூமியில் மிகுதியாக உள்ள கனிமம் 660 கிலோமீட்டருக்குக் கீழே இருக்கிறது. இயற்கை மாதிரி கிடைக்காததால் நெடுங்காலம் அது பெயரின்றியே இருந்தது. 1879இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த டென்ஹாம் விண்கல்லில் அது அகப்பட்டது. விண்வெளியில் நிகழ்ந்த மோதலின் பேரழுத்தம் அதனை அக்கல்லில் உருவாக்கியிருந்தது. 2014இல், உயரழுத்த இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் நினைவாக, அது பிரிட்ஜ்மனைட் எனப் பெயர் பெற்றது.

2012இல் நாகபுரி அருகே காட்டோலில் விழுந்த கல்லிலும் இக்கனிமம், இரும்புத் துகள்களுடன் காணப்பட்டது. உருகிய இளம்பூமியில் இரும்பு பிரிந்து மையத்தை அடைந்த விதத்தை அறிய இது துணைபுரிகிறது.

ஆகவே, வானிலிருந்து விழுந்த கல்லைக் கண்டால், வீட்டில் வைத்துக்கொள்ளாமல் அரசின் நிலவியல் துறையிடம் சேர்ப்போம்.