சில்லின் சமநிலை

மாட்டு வண்டியின் சில்லு ஒருபுறம் சற்றுக் கனத்திருந்தாலும் வண்டிக்காரன் அதனை உணர்வதில்லை. சில்லு மெல்லச் சுழல்வதே அதற்குக் காரணம். மோட்டார் வண்டியின் சில்லோ அத்தகையதன்று. வேகம் கூடக் கூட அதிலுள்ள சிறு குறையும் பெருங் குறையாகிவிடுகின்றது.

1948 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் அறிமுகமாகி 1971 வரை உற்பத்தி செய்யப்பெற்ற மொறிஸ் மைனர் கார், இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுவதை நேயர்கள் கண்டிருப்பர். அதன் சில்லு வளையம் 14 அங்குல விட்டமுடையது. வளையத்தின் விளிம்பில் ஓரிடத்தில் 30 கிராம் நிறை மிகுந்திருப்பின் விளைவது யாது? மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் அச்சில்லு செக்கனுக்கு ஏறக்குறைய 12 முறை சுழல்கின்றது. அப்பொழுது அந்த 30 கிராம், 3 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசையோடு சில்லை வெளிப்புறமாக இழுக்கின்றது. வேகம் பாதியானால் விசை காற்பங்காகும். பட்டினத்துள் அமைதியாகச் சென்ற கார், நெடுவீதியை அடைந்ததும் சுக்கான் நடுங்க ஓடுவது இதனாலேயே.

இக்குறையை வீட்டிலேயே பெரும்பாலும் நீக்கலாம். ஆயினும், நடுக்கம் எல்லாம் சமநிலைக் குறையால் வருவதன்று. ஆதலால் முதலிற் செய்ய வேண்டியது சோதனையே. சமதரையிற் காரை நிறுத்திப் பின் சில்லுகளுக்கு அணை வைத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிமேல் இருத்துதல் வேண்டும். பின்னர் ரயரை மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்த்தல் வேண்டும். ஆட்டம் தெரிந்தால் சமநிலை வேலையை அவ்வளவில் நிறுத்துவதே அறிவுடைமை. மொறிஸ் மைனரின் முன் சில்லைத் தாங்கும் காலின் அடியில் ட்றனியன் எனப்படும் புரிமூட்டு ஒன்றுண்டு. காலந்தவறாது கிறீஸ் இடாவிடின் அதன் புரி தேய்ந்து, மூட்டுக் கழன்று, சில்லு மடிந்து விழுதலும் கூடும். அத்தகைய தேய்வை ஈயத்துண்டு ஒட்டி மறைத்தல், நோயை விட்டு வலியை மட்டும் அடக்குதல் போன்றதாம்.

ஆட்டம் இல்லையாயின், சேற்றையும் பழைய ஈயத்துண்டுகளையும் அகற்றி, வளையம் நெளிந்துள்ளதா என்று சுழற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து, பிரேக்கின் சரிசெய் திருகுகளைத் தளர்த்தினால் சில்லு தடையின்றிச் சுழலும். அதனை மெல்லச் சுழலவிட்டால், கனத்த பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே வெண்கட்டியாற் குறியிட்டு, அவ்விடத்தில் சிறிது சிறிதாக நிறை சேர்க்க வேண்டும். எந்நிலையில் விட்டாலும் சில்லு அந்நிலையிலேயே அசையாது நிற்குமாயின் வேலை முடிந்தது. சேர்த்த நிறையில் பாதியை வளையத்தின் உட்புறத்திலும் பாதியை வெளிப்புறத்திலும் பொருத்துதல் நன்று. பின் சில்லுகள் இயந்திரத்தோடு தொடர்புடையனவாதலின் தடையின்றிச் சுழலா. அவற்றையும் கழற்றி முன் அச்சிலே பூட்டியே சோதித்தல் வேண்டும்.

இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. சில்லின் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையேயுள்ள சமனின்மை, நிற்கும் சில்லிலே தெரியாது. வேகமாகச் சுழலும்போதே வெளிப்படும். அதனை அளக்க இயந்திரமே வேண்டும். மைனரின் ரயர் ஒடுக்கமானதாகையால் இக்குறை அதில் அத்துணைப் பெரிதாவதில்லை. வீட்டுவேலைக்குப் பின்னும் நடுக்கம் நீங்காவிடின், இயந்திரமுள்ள வேலைத்தலத்தை நாடுவதே முறை.

இறுதியாக ஒன்று. சில்லு சமநிலை பெற்ற மகிழ்ச்சியில், தளர்த்திய பிரேக்கை மீண்டும் சரிசெய்ய மறந்துவிடல் ஆகாது. சில்லின் சுரைகளையும் இறுக்கி, மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதித்த பின்னரே காரை வீதிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நடுங்கும் காரை ஒருவாறு வீடு சேர்க்கலாம். நில்லாத காரை யாராலும் சேர்க்க முடியாது.