மென்மையான கழுவு பொருள்களைக் கமத்திலிருந்தே பெறுதல்

மடுல்சீமை மலைச்சாரலிற் பயிர் செய்யும் கமக்காரரின் கைகள் ஓய்வறியாதவை. கோவா, போஞ்சி, லீக்ஸ் பாத்திகளின் மண்ணும், பள்ளத்தாக்கு வயல்களின் சேறும் நாள்தோறும் அவற்றிற் படிகின்றன. மாலையில் அவற்றைக் கழுவுதற்குக் கைக்கு எட்டுவது துணி வெளுக்கும் சலவைத்தூளாகவோ, மலிவான சவர்க்காரமாகவோ இருக்கின்றது. அழுக்கு நீங்குகின்றது, அதனோடு தோலின் இயற்கை நெய்ப்பும் நீங்குகின்றது. குளிர்ந்த காற்று வீசும் நாள்களில் விரலிடுக்குகள் வெடிக்கின்றன. வெடித்த தோலினூடாகப் பூச்சிநாசினி உடலினுள் எளிதிற் புகும். ஆகவே எதனைக் கொண்டு கழுவுகின்றோம் என்பது உழைப்பாளியின் உடல்நலத்தைச் சார்ந்த வினாவாகும்.

இக்காலத்திற் கடைகளில் 'சல்பேற்று அற்றது' என்னும் விளம்பரத்துடன் தலைமுழுக்குத் திரவங்கள் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சாதாரண சவர்க்காரத்தின் விலையே பன்மடங்கு உயர்ந்ததைக் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. கமக்காரர் தம் நிலத்திலிருந்தும் அயலிலிருந்தும் பெறத்தக்க கழுவு பொருள்கள் எவை, அவற்றை எவ்வாறு சேகரித்துப் பக்குவப்படுத்தல் வேண்டும் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

சல்பேற்று என்பது யாது?

கழுவு பொருளின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனை அழுக்கைப் பற்ற, நீரை நாடும் முனை அதனை நீரோடு இழுத்துச் செல்லும். 1930களில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் கொழுப்புகளிலிருந்து பெற்ற அற்ககோலைச் சல்பேற்றாக மாற்றிப் புதிய கழுவு பொருள்களை ஆக்கினர். 1934இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'திரீன்' என்னும் ஷாம்பு இவ்வகையில் முற்பட்டதாகும். இன்று பெரிதும் பயன்படும் சோடியம் லோரில் சல்பேற்று இக்குடும்பத்தைச் சேர்ந்தது.

இது மிகுந்த நுரை தரும். அழுக்கை விரைந்து நீக்கும். ஆயினும் தோலின் புரதங்களோடு பிணைந்து அதன் காப்புப் படையைக் குலைக்கும் இயல்புடையது. தோல் எரிச்சலைப் பற்றி ஆராயும் மருத்துவர், எரிச்சலை வேண்டுமென்றே உண்டாக்குதற்கு இப்பொருளையே பயன்படுத்துவர். லோரெத் சல்பேற்று என்னும் மற்றொரு வகை இதனினும் மென்மையானது. இவை புற்றுநோயை விளைவிக்கும் எனப் பரவிய வதந்திக்கு ஆதாரம் இல்லை. செறிவும், தோலில் தங்கும் நேரமுமே தீங்கின் அளவைத் தீர்மானிக்கின்றன.

இங்கு இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். முதலாவது, லோரில் சல்பேற்றுக்கு வேண்டிய கொழுப்பு பெரும்பாலும் தேங்காயெண்ணெயிலிருந்தும் செம்பனை விதையெண்ணெயிலிருந்தும் பெறப்படுகின்றது. எனவே 'தாவரத்திலிருந்து வந்தது' என்னும் சொல் மட்டும் மென்மைக்குச் சான்றாகாது. இரண்டாவது, சாதாரண சவர்க்காரத்திற் சல்பேற்றுக் கழுவு பொருள் இல்லாதபோதும் அது காரத்தன்மை மிக்கது. அதன் காரகாடிச் சுட்டெண் 9 முதல் 10 வரை இருக்கும். மனிதத் தோலினது ஏறக்குறைய 5 ஆகும். ஆகவே 'சல்பேற்று அற்றது' என்பதனாலும் ஒன்று மென்மையானதாகிவிடாது.

தொழிற்சாலைகள் சல்பேற்றுக்கு மாற்றாகச் சோளமாவின் குளுக்கோசையும் தேங்காய்க் கொழுப்பையும் இணைத்துக் குளுக்கோசைட்டு என்னும் மென்மையான பொருளை ஆக்குகின்றன. அதனை வீட்டில் ஆக்க இயலாது. ஆனால் வெல்லத்தன்மையும் எண்ணெய் நாட்டமும் ஒன்றுசேர்ந்த அத்தகைய அமைப்பைச் சில தாவரங்கள் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அப்பொருளே சப்போனின் எனப்படும்.

கிடைக்கும் மூலப்பொருள்கள்

பூவந்தி: சிங்களத்தில் 'பெனெல' எனப்படும் இம்மரம் உலர்வலயத்துக்குரியது. மடுல்சீமையின் தேயிலைச் சாரல்கள் இதற்கு ஏற்றவையல்ல; மலையடிவாரத்துக்கு அப்பால் பிபிலை, மகியங்கனைப் பக்கத்துத் தாழ்நிலமே ஏற்றது. பழத்தின் தோலிலேயே சப்போனின் செறிந்துள்ளது. உள்ளேயிருக்கும் கறுத்த கடின விதை கழுவுதற்குப் பயன்படாது. பொற்கொல்லர் நகைகளைத் துலக்குதற்கும், பட்டாடைகளை அலசுதற்கும் இதனை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். மரம் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லுமாதலால், இன்று நடுபவர் அதன் பயனை உடனே எதிர்பார்த்தலாகாது.

சீயக்காய்: முள்ளுடைய கொடியின் காய் இது. இதன் கரைசல் சற்றுப் புளிப்புத் தன்மையுடையதாதலால் தலைமுடிக்கு இசைவானது. நாட்டு மருந்துக் கடைகளிற் காய்ந்த காயாகவே கிடைக்கும். தூளாக வாங்குவதினும் முழுக்காயாக வாங்கி வீட்டில் இடித்தல் நன்று, கலப்படத்தைத் தவிர்க்கலாம்.

பயறு: இதுவே நெற்செய்கையாளர் தம் நிலத்திற் பெறத்தக்க முதன்மைப் பொருள். பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையில், வெப்பமான தாழ்வயல்களில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு விளைவிக்கலாம். ஏறக்குறைய 2 மாதத்தில் அறுவடைக்கு வரும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை நிலைநிறுத்துவதால் அடுத்த நெற்பயிருக்கும் நன்மை உண்டு. நீர் தேங்கினால் பயிர் அழியும்; வடிகால் இன்றியமையாதது. பயற்றமா எண்ணெயையும் அழுக்கையும் உறிஞ்சி எடுக்கும். நுரை குறைவு, எரிச்சலும் குறைவு. முகத்துக்கும் குழந்தைகளின் உடலுக்கும் ஏற்றது.

செவ்வரத்தை: வேலியோரத்தில் வளரும் இதன் இலையைக் கசக்கினால் வழுவழுப்பான சாறு வரும். தனியே அழுக்கை நீக்கும் வலிமை இதற்குக் குறைவு. சீயக்காயுடன் சேர்த்தால் முடியின் சிக்கலை நீக்கும். வெந்தயமும் இவ்வாறே பயன்படும்.

அரிசி கழுநீர்: சீனாவின் குவாங்சிப் பகுதியில் ஹுவாங்லோ கிராமத்து யாவோ இனப் பெண்கள் புளிக்கவைத்த அரிசி கழுநீரால் நீண்ட கூந்தலை அலசுவதற்குப் பெயர் பெற்றவர்கள். நெல் விளையும் வீடுகளில் இது செலவின்றிக் கிடைப்பது. ஆயினும் இதனை அலசு நீராகக் கொள்ளலாமேயன்றி, மிகுந்த எண்ணெய்ப்பிசுக்கை இது போக்காது.

சேகரித்தலும் உலர்த்தலும்

பழுத்து மஞ்சள் கலந்த பழுப்பு நிறமடைந்த பூவந்தியையே சேகரித்தல் வேண்டும். பச்சைக்காயை உலுக்கி எடுத்தல் வீண். கொட்டையை நீக்கித் தோலை மட்டும் உலர்த்துக. எடையிற் கணிசமான பங்கு கொட்டையினதாகையால், விலை பேசும்போது 'கொட்டையுடனா, தோல் மட்டுமா' என்பதைத் தெளிவாகக் கூறல் வேண்டும். ஒதுக்கக் காடுகளிற் சேகரிக்க உரிய அனுமதி வேண்டும். கிளைகளை முறித்தலாகாது, ஒரு பங்கு பழத்தை விதை பரவுதற்காக மரத்திலேயே விட்டுவிடுக.

மடுல்சீமையில் வடகீழ்ப் பருவமழைக் காலத்துக் காற்று ஈரம் மிக்கது. அக்காலத்திற் சீமெந்துத் தரையிற் பரப்பி உலர்த்தினால் பூஞ்சணம் பிடிக்கும். தரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய தட்டியிற் பரப்பி, மாலையில் மூடிவைத்து, கையால் ஒடித்தால் முறியும் பதம் வரும்வரை உலர்த்துக. பூஞ்சணம் கண்டதைக் கழித்துவிடல் வேண்டும். வெயிலில் மீண்டும் இட்டுச் சேர்த்துக்கொள்ளலாகாது. உலர்ந்தவற்றைக் காற்றுப் புகாத தகரத்தில் அடைத்துச் சேகரித்த நாளை எழுதி ஒட்டுக.

வீட்டில் தயாரிக்கும் முறை

தலைமுழுக்குத் தூள்: சீயக்காய் 1 கிலோ, பயறு 250 கிராம், வெந்தயம் 100 கிராம், நிழலிற் காயவைத்த செவ்வரத்தை இலை ஒரு கைப்பிடி ஆகியவற்றை நன்கு உலர்த்தி அரைத்து, மெல்லிய துணியிற் சலித்தெடுக்க. சலிக்காத கரடான தூள் உச்சந்தோலை உராய்ந்து புண்ணாக்கும். வேண்டிய அளவை வெந்நீரிற் கரைத்து, ஆறிய பின் பயன்படுத்துக.

பூவந்தித் திரவம்: கொட்டை நீக்கிய 10 அல்லது 12 பழங்களின் தோலை 1 லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிக்க. இதிற் பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லாமையால் 2 நாளுக்குமேல் வைத்தலாகாது. மணம் மாறினால் கொட்டிவிடுக.

புதிய தயாரிப்பு எதனையும் முதலில் முன்கையின் உட்புறத்திற் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும்.

கவனிக்கவேண்டிய தீங்குகள்

பூவந்தி கண்ணிற் பட்டால் கடுமையாக எரியும். உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவுக. அதனை இடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்க. சப்போனின் மீன்களின் செவுள் வழியே குருதியிற் சேர்ந்து அவற்றைக் கொல்லும். ஆகவே ஓடைகளிலும் பீலிகளின் அடியிலும் நின்று பூவந்தி தேய்த்துக் குளித்தலாகாது. கழுவிய நீரை மண்ணில் ஊற்றுக.

தேசிக்காய்ச் சாற்றைத் தேய்த்துவிட்டு வெயிலில் இறங்குதல் தவறு. சாற்றிலுள்ள ஒருவகைப் பொருள் சூரிய ஒளியுடன் சேர்ந்து தோலைச் சுட்டுக் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாக்கும். தலையில் வைப்பவரும் முற்றாக அலசிய பின்னரே வெளியே செல்க.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. பூச்சிநாசினி தெளித்த பின்னரும், மலசலகூடம் சென்று வந்த பின்னரும், உணவைக் கையாளுமுன்னரும் சவர்க்காரமும் தாராளமான நீருமே கொள்ளல் வேண்டும். பயற்றமாவோ சீயக்காயோ அவ்விடத்துக்குப் போதா. கழுவிய கைகளில் ஈரத்தை ஒற்றியெடுத்துச் சிறிது தேங்காயெண்ணெய் பூசினால் வெடிப்புத் தணியும். சலவைத்தூளை உடம்பிற் பயன்படுத்துவதை அறவே நிறுத்துக.

கூட்டாக விற்றல்

கருநாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடியினர் சீயக்காய், பூவந்தி, தேன் முதலியவற்றைச் சேகரித்துக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே விற்றுவந்தனர். ஒருவர் கொணரும் ஒரு கூடை வியாபாரியின் விலைக்குக் கட்டுப்படும். பலர் சேர்ந்து தரம் பிரித்த மூட்டைகளுக்கு விலை கேட்கும் வலிமை உண்டு. மடுல்சீமைக் கமக்காரரும் தாழ்நிலத்துப் பூவந்தியையும் தம் வயற் பயற்றையும் ஒன்றுசேர்த்து, கமக்காரர் அமைப்பின் மூலம் மூலப்பொருளாக விற்பதிலிருந்து தொடங்கலாம். பொதி செய்த தூளாக விற்க விரும்புவோர் அதற்குரிய சட்டவிதிகளை முன்னரே கேட்டறிந்து, சேர்த்த பொருள்கள் அனைத்தையும் பொதியில் எழுதுதல் வேண்டும்.

பயறு விதைக்கும் காலம், இனத்தெரிவு, விதை கிடைக்குமிடம் என்பன குறித்து அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுக. பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலின் ஈரம் விரைவிற் குறையுமாதலால், வேண்டிய விதையை அறுவடைக்கு முன்னரே ஆயத்தம் செய்துகொள்ளல் நன்று.